கத்திரி வெயிலில் வட சென்னை: காற்று பார்த்துக் கிளம்பிய ஆறு நாள்

மூன்று குடும்பங்கள், ஏழு பிள்ளைகள். கடைக்குட்டிக்கு ஆறு வயது, மூத்ததற்குப் பதின்மூன்று. கோடை விடுமுறையில் ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம், காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை போதும் என்று முடிவானது. ஒரே ஒரு விதி: பத்து மணிக்குமேல் மூன்று மணி வரை யாரும் வெயிலில் நிற்கக் கூடாது. அன்றன்று இரவு எழுதிப் போட்டது இது.

மே 11, ஞாயிறு. காசிமேடு

விடியற்காலை ஐந்தேகால். துறைமுகத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் முதல் கேள்வி, "ஏன் இத்தனை போட்டு சும்மா நிக்குது?" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதற்காக வந்த தடை. 2017-க்கு முன் இது 45 நாள்தான். லாஞ்சுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மேலே வர்ணம் அடிக்கிறார்கள், கீழே வலையின் கிழிசலை முடிகிறார்கள். தடைக்காலம் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கேட்டால் வலைக்காரர்களே ஊசியைக் கையில் கொடுத்து ஒரு முடிச்சுப் போட விடுகிறார்கள்.

இந்த இரண்டு மாதமும் பைபர் போட்டில் பக்கத்துக் கடலுக்குப் போய் வருபவர்களின் மீன்தான் நம்மூர் மீன். நெத்திலி, கவலை, காரப்பொடி மாதிரி சின்ன மீன்கள். வஞ்சிரம் கேட்டால் ஐஸில் வெளியூரிலிருந்து வந்ததாக இருக்கும், விலையும் எகிறியிருக்கும். இன்று கிலோ 1,300 சொன்னார்கள். பக்கத்திலேயே காரப்பொடி ஒரு கூறு நூறு ரூபாய், ஐந்து பேர் குழம்புக்கு ஆகும். கவனிக்க வேண்டியது ஒன்று: நண்டு வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். வயிற்று மடிப்புக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் முட்டை கொத்தாக ஒட்டியிருந்தால் அது சினை நண்டு. வேண்டாம் என்று வைத்துவிடுவது நல்லது.

மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு கொண்டுபோனதற்கு நல்ல மரியாதை. "இன்னா கண்ணு, டப்பா எடுத்துனு வந்துக்கிறியா? இந்தா, உனக்கு ரெண்டு கூட" என்று ஒரு அம்மா கடைக்குட்டியின் தூக்கில் இரண்டு கவலையைப் போட்டார். தூக்கின் அடியில் ஒரு கை ஐஸ், மேலே வாழையிலைத் துண்டு, அதன்மேல் மீன். ஐஸ் உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் சதை குழைந்துவிடும், அதற்குத்தான் இலை.

மீன் சுத்தம் செய்யும் இடத்தில் செவுள், குடல், தலை எல்லாம் மலையாகக் கிடக்கும். கேட்டால் இலவசமாகவே தருவார்கள். குடும்பத்துக்கு ஒரு கிலோ வாங்கி வந்து, செடிக்கு உரமாக ஊற்றும் மீன் அமிலம் போட்டாயிற்று. அளவு எளிது: மீன் கழிவு ஒரு கிலோ, பொடித்த வெல்லம் ஒரு கிலோ. மூன்று லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் கழிவு ஒரு அடுக்கு, வெல்லம் ஒரு அடுக்கு என்று போட்டு, மேல் அடுக்கு வெல்லமாக முடிக்க வேண்டும். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து வெடிக்கும். துணி கட்டினாலும் போதும், பூனைக்கு எட்டாத உயரம் முக்கியம். இருபத்தொரு நாளுக்குமேல் தேன் நிறத்தில் வடியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி, பத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இலை கருகும்.

மே 12, திங்கள். திருவொற்றியூர்

சித்ரா பௌர்ணமி என்பதால் தெருவெல்லாம் கூட்டம். தியாகராஜர் கோயிலுக்குள் நுழைந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த கதை இந்தக் கோயிலின் மகிழ மரத்தடியில் நடப்பது. ஊருக்குள் வேறு மகிழ மரங்களும் உண்டு. இது பூக்கும் காலம். பூ இரவில் உதிரும், காலையில் தரையில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கிடக்கும். உதிர்ந்த பூவின் நடுவில் தானாகவே ஓட்டை இருப்பதால் ஊசி வேண்டாம். தென்னங்குச்சியிலோ வாழைநாரிலோ கோத்துக்கொண்டே போகலாம். ஏழு பிள்ளைகளும் அரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இன்றைய அதிசயம். மகிழம்பூ காய்ந்தாலும் மணம் போகாது, துணி அலமாரியில் போட்டு வைக்கலாம். கிளையை உலுக்கக் கூடாது. முந்தின நாள் பூ பழுப்பாகியிருக்கும், வெண்மையாக இருப்பதை மட்டும் பொறுக்குங்கள்.

எட்டரைக்கு கூழ். தள்ளுவண்டியில் சொம்பு 25 ரூபாய், தொட்டுக்கொள்ள மாவடு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கருவாட்டுத் துண்டு. கண்ணாடி டம்ளரில்தான் கொடுத்தார் வண்டிக்கார அண்ணன். பார்சல் கேட்டவரிடம், "தூக்கு இருந்தா குடு, கவர்ல ஊத்த மாட்டேன்" என்றார். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிற மாநிலம் இது. பக்கத்துக் கடையில் சாம்பார் பிளாஸ்டிக் பையில்தான் ஆடிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

வீட்டில் செய்ய: கேழ்வரகு மாவு ஒரு கப்பை மூன்று கப் தண்ணீரில் முதல்நாள் இரவே கரைத்துப் புளிக்க விடுங்கள். இந்த வெயிலுக்கு எட்டு மணி நேரம் தாண்டினால் புளிப்பு தூக்கிவிடும். காலையில் கால் கப் நொய்யை நான்கு கப் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். மாவைக் கொதிக்கும் நொய்யில் ஒரே மூச்சில் கொட்டினால் கட்டி கட்டும், சரமாக ஊற்றுங்கள். பளபளப்பு வந்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கலாம். ஆறவைத்து மூடி, மறுநாள் மோரும் உப்பும் விட்டுக் கரைத்தால்தான் அது கூழ். அன்றே குடித்தால் வெறும் கஞ்சி.

பத்து மணிக்கு, நிழலான ஒரு சந்தில் அடி பம்பு. வட சென்னையில் மெட்ரோ வாட்டரை இன்னும் பல வீடுகளில் அடித்துத்தான் பிடிக்கிறார்கள். வீட்டுக்கார அக்கா சிரித்துக்கொண்டே பம்பை விட்டுக் கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர். எத்தனை அடிக்கு நிரம்புகிறது என்று எண்ணச் சொன்னோம். எட்டு வயதுப் பையனுக்கு எழுபத்திரண்டு அடி. ஷவரில் பத்து நிமிடம் நின்றால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கணக்கில் நூறு லிட்டர், அதாவது ஏழு குடம், ஐந்நூறு அடி. கணக்கைப் போட்டவுடன் அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். வேறு அறிவுரை எதுவும் தேவைப்படவில்லை.

சாயங்காலம் தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் முளைக்கீரை விதைப்பு. இரண்டுக்கு இரண்டு அடித் தட்டுக்கு விதை ஒரு டீஸ்பூன், அதோடு பத்துப் பங்கு மணல் கலந்து தூவினால்தான் சமமாக விழும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் புல்லாக முளைக்கும். மண், கழுவிய தேங்காய்நார்த் தூள், மட்கிய உரம் மூன்றும் சம பங்கு. நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு முளையைக் கருக்கும்.

மே 13, செவ்வாய். எண்ணூர் கழிமுகம்

வட சென்னையில் வெளியே கிளம்பக் கடிகாரத்தைவிடக் காற்றைத்தான் பார்க்க வேண்டும். மே மாதத்தில் காலையில் மேற்கிலிருந்து காற்று. மணலி ஆலைகளும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் மேற்கில்தான் இருக்கின்றன, வாசனை கடற்கரை ஊர்களுக்கு வரும். நண்பகல் தாண்டிக் கடற்காற்று கிளம்பியதும் அது திரும்பி உள்ளே போய்விடும். அதனால் காசிமேட்டுக்கு விடியற்காலை சரி, எண்ணூருக்கு மூன்று மணிக்குமேல். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், வெயிலும் நாற்பதைத் தொடும். அன்றைக்குப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். இன்று ஒன்றரைக்கே காற்று திரும்பிவிட்டது.

இன்னொன்று வத்தம், அதாவது கடல் தண்ணீர் வற்றும் நேரம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் வற்றும், சேறு வெளியே தெரியும். முகத்துவாரத்தில் இருக்கும் மீனவர்களிடம் "அண்ணே, வத்தம் எப்போ?" என்று கேட்டால் போதும். உள்ளே உப்பங்கழிக்கு வர இன்னும் கொஞ்சம் பிந்தும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கொசஸ்தலையாறு கடலைத் தொடும் இடம். அலையாத்திச் செடியைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் முனைபோல நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்பவை சுவாச வேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. மிதித்தால் ஒடியும். இலையின் மேல் விரலைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். செடி குடித்த உப்புத் தண்ணீரிலிருந்து இலை வழியே வெளியே தள்ளிய உப்பு அது. வேறு ஊரில் நாக்கில் வைத்துப் பார் என்று சொல்வோம், இங்கே விரலோடு சரி. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழி இது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்தக் கழிக்குள்ளேயே பரவியது. பிள்ளைகளிடம் இரண்டையும் மறைக்காமல் சொன்னோம். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சிறு நண்டுகள் அந்தச் சேற்றில்தான் கையாட்டிக்கொண்டிருந்தன, அதையும் காட்டினோம்.

செருப்போடு வந்த பெண்பிள்ளையின் கால் முழங்கால் வரை புதைந்தது. நேராக மேலே இழுத்தால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். குதிகாலை இடமும் வலமும் ஆட்டி, உள்ளே காற்று போக இடம் விட்டு, பிறகு சாய்வாக உருவ வேண்டும். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கயிறு கட்டிய பழைய ஷூ அவசியம். சிப்பி ஓடும் கண்ணாடித் துண்டும் சேற்றுக்குள் இருப்பதால் வெறுங்கால் கூடவே கூடாது. திரும்பியதும் சோப்புப் போட்டு முழங்கால் வரை கழுவுங்கள்.

மே 14, புதன். மொட்டைமாடி

காலையிலிருந்தே மேற்குக் காற்று, அனல். வெளியே போகவில்லை.

மண்பானையை ஒழுங்காகப் பார்த்தது இன்றுதான். புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் புழங்க வேண்டும். வெளியே வர்ணம் அடித்த பானையை வாங்கவே வாங்காதீர்கள். பானை வியர்த்து அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி, வர்ணம் அந்தத் துளைகளை அடைத்துவிடும். கடலோரத்தில் பலர் "பானைத் தண்ணி ஜில்லுனே இல்ல" என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் பானை அல்ல, காற்றிலுள்ள ஈரம். 34 டிகிரியில் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் எப்பேர்ப்பட்ட பானையிலும் தண்ணீர் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதே பானை, 38 டிகிரியில் காற்று 30 சதவீதத்துக்கு வறண்டிருந்தால், 25-ஐ நெருங்கும். சுடும் நாளில்தான் தண்ணீர் அதிகம் குளிரும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவில்லை. நேற்று ராத்திரித் தண்ணீரையும் இன்று மதியத் தண்ணீரையும் குடித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அடியில் மணல் பரப்பி அதை ஈரமாக வைத்து, காற்றோட்டமான ஜன்னலோரம் வையுங்கள். சமையலறை மூலையில் வைத்தால் வீண்.

வெயில் சூடு இறங்காமல் இருக்க மாடித் தரைக்குச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை இரும்பு டிரம்மில்தான் நீற்ற வேண்டும், தண்ணீர் பட்டதும் கொதிக்கும், பிளாஸ்டிக் இளகிவிடும். இந்த வேலை பெரியவர்களுக்கு மட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு ராத்திரி ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, நீர் மோர் பதத்தில் இரண்டு பூச்சு, வெயில் தாழ்ந்தபின். சுடும் தரையில் பூசினால் உடனே காய்ந்து பொடிப் பொடியாக உதிரும். பிள்ளைகளைப் பூச்சுக்கு விடலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம், தோல் புண்ணாகும். மாமழை ஒன்றில் கரையத்தான் செய்யும், வருஷா வருஷம் அடிக்க வேண்டியதே.

மீன் அமிலத்தைத் திறந்து பார்த்ததில் இரண்டு டப்பா பழவாசனை, ஒன்று குடலைப் புரட்டும் நாற்றம். விசாரித்தால் அந்த வீட்டில் கழிவை மூன்று முறை அலசிவிட்டுப் போட்டிருக்கிறார்கள், சுத்தமாக இருக்கட்டுமே என்று. அலசிய தண்ணீர் வெல்லத்தின் அடர்த்தியைக் குறைத்துவிட்டது. அந்த அடர்த்திதான் அழுகலைத் தடுப்பது. கால் கிலோ வெல்லம் கூடப் போட்டுக் கிளறி வைத்திருக்கிறது. வாசனை மாறாவிட்டால் செடிக்கு ஊற்றாமல் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரே உப்பு, வடித்த மிச்சத்தில் இன்னும் உப்பு. தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஏசி தண்ணீர் நல்லது.

மே 15, வியாழன். பழவேற்காடு

பொன்னேரியில் இறங்கி பஸ். ஏழரைக்கு ஏரிக்கரை. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில். பூநாரைக் கூட்டத்தை எதிர்பார்த்து மே மாதத்தில் வந்தால் ஏமாற்றம்தான், அதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி. இன்று தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சின்னக் கூட்டம், பக்கத்தில் கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெரியும், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பு.

"போட்டுல ஒரு ரவுண்டு போலாம் சார்" என்று கூப்பிடுவார்கள். ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி இது. பழிச்சொல்லாக இல்லாமல் "வேணாம்ணே, சின்னப் பசங்க இருக்காங்க" என்றதும் விட்டுவிட்டார்.

கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பாடு பற்றிச் சொன்னார். இறால் பிடிக்கும் இடங்களை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகாது, இன்று எனக்கு, நாளை உனக்கு. பெரியவர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் பஸ் ஜன்னல் சீட்டுக்குப் பாடு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் ஐந்து நிமிடம் ஈர்த்தன. பனை ஓலைப் பின்னல்தான் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டது. இளங்குருத்து ஓலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, பின்னும் முன் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துகிறார்கள். காய்ந்த ஓலையை மடித்தால் முறியும். மூடியுள்ள சின்னப் பெட்டி 60 ரூபாய். பிறந்தநாளுக்குப் பிளாஸ்டிக் டப்பாவில் கொடுப்பதற்குப் பதில் இருபது சொல்லி வைத்தாயிற்று. ஈரமான பண்டம் மட்டும் இதில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

பதநீர் சொம்பு 30 ரூபாய், பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். பாளைக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால்தான் புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது. பத்து மணிக்குமேல் வாங்காதீர்கள். நுங்கு ஒரு காய் 20 ரூபாய். கூந்தலை, அதாவது நுங்கு எடுத்த வெறுங்காயை, எறியாமல் வாங்கி வந்து நுங்கு வண்டி: ஒரே அளவில் இரண்டு கூந்தல், நடு மையத்தில் குத்திச் செருக ஓரடிக் குச்சி, தள்ள மூன்றடிக் கவட்டைக் கம்பு. மையம் தவறினால் வண்டி நொண்டும். இரண்டு நாளில் காய்ந்து குச்சி கழன்றுவிடும், அப்போது மாட்டுக்குப் போடலாம்.

திரும்பும் பஸ் ஐம்பது நிமிடம் தாமதம். நிழற்குடையின் தகரக் கூரை மேலே அடுப்பு. கடைக்குட்டி சோர்ந்து தலைவலி என்றாள். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. புளியமர நிழலுக்கு மாற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துண்டு வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்ததில் அரை மணியில் தெளிந்தாள். சர்க்கரை, உப்புப் பொட்டலங்களை அளந்து கட்டிப் பையில் வைத்திருந்தது காப்பாற்றியது. வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் இந்தக் கரைசலோடு உட்காரக் கூடாது, தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இனிமேல் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு டம்ளர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

மே 16, வெள்ளி. தண்டையார்பேட்டை

கீரைத் தட்டில் பாதி முளைத்திருக்கிறது, சிவந்த தண்டு, கடுகளவு இலை. மறுபாதி வெறும் மண். சுவரோரமாக ஓடும் எறும்பு வரிசையைப் பிள்ளைகள் தொடர்ந்து போனால், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு விதை. மறுபடி தூவி, தட்டுக்கு ஓரடி தள்ளி ஒரு கை அரிசி நொய்யைப் போட்டிருக்கிறது. எறும்பு நொய்யை எடுத்துக்கொள்ளும், அதற்குள் விதை முளைத்துவிடும். நாற்றமடித்த டப்பா இன்னும் நாறுகிறது.